பெட்டி வந்தது, பாடம் வந்ததா?

காவிரி கடலைக் காணுமுன் கடைசியாகக் காண்பது காரைக்கால் கழனிகளை. ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறந்தால், ஏடுகள் அதைக் கொட்டை எழுத்தில் வெளியிடும். மலர் தூவியவர் யார், மதகைத் திருப்பியவர் யார் என்று படமும் வரும். கடைமடை உழவனுக்கு அது செய்தி, தண்ணீர் அன்று. கல்லணை தாண்டி, கிளை பிரிந்து, மடை மடையாக இறங்கி, அரசலாற்றிலும் நூலாற்றிலும் நீர் புரண்டு வந்து, தன் வரப்பு நனைகிற அன்றுதான் அவனுக்கு அணை திறந்த நாள். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுவைக்கு 7 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அந்த ஏழில் கைவைக்கவில்லை. ஏட்டிலே ஏழு இருக்கிறது. வயலிலே எவ்வளவு இருக்கிறது என்பதே கடைமடைக்காரன் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி.

அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் பள்ளிக்கூடத்துக் கணினி அறையின் வாசலில் நின்று கேட்கிறோம்.

கணினி வழங்கும் விழாக்களுக்கு நாட்டில் பஞ்சமில்லை. பந்தல் உண்டு, பதாகை உண்டு, பாராட்டுரை உண்டு. மாணவன் கையில் மடிக்கணினியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள அமைச்சர் பெருமக்களுக்கு ஆர்வமும் உண்டு. குற்றம் என்று கூறவில்லை; கொடுப்பது நல்ல காரியம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எட்டாத பொருளை எட்டச் செய்வது அரசின் கடமை. ஆனால் கொடுத்த மறுநாள் என்ன? மறுவருடம் என்ன? மூன்றாம் வருடம் அந்தப் பெட்டிக்குள் இருப்பது பாடமா, தூசியா? விழா மேடையில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அதனால்தான் இந்தப் பத்தியில் இடம் தருகிறோம்.

பெட்டி வேறு, உயிர் வேறு

கணினி என்பது இரும்பும் கண்ணாடியும் கம்பியும் சேர்ந்த பெட்டி. அதை இயக்குவது மென்பொருள். உழவனுக்கு ஏர் எப்படியோ அப்படிப் பெட்டி. விதை எப்படியோ அப்படி மென்பொருள். ஏர் பத்து ஆண்டு உழைக்கும். விதையைப் பருவந்தோறும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய விதையைப் பத்தாயத்தில் போட்டு மறந்துவிட்டு, முளைக்கவில்லையே என்று நிலத்தை நொந்துகொள்வது நியாயமாகுமா?

நம் நாட்டில் பள்ளிகளுக்குக் கணினி வந்த வரலாறு பெரும்பாலும் ஏர் கொடுத்த வரலாறு. மத்திய அரசு 2004 டிசம்பரில் பள்ளிகளுக்கான கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 2010-இல் அதைத் திருத்தியது. பல மாநிலங்கள் கையாண்ட முறை என்ன? தனியார் நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் எடுத்துக் கணினி அறையை அமைக்கும், ஐந்தாண்டு நடத்தும், பிறகு பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். ஐந்தாண்டு கடந்தால் ஒப்பந்தக்காரர் வீட்டுக்கு, பெட்டி பள்ளிக்கு, பொறுப்பு யாருக்கு? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒப்பந்தத் தாள் பதில் சொல்லாது.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-இல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கிற்று. புதுவை அரசும் மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கியிருக்கிறது. தமிழ்நாட்டின் தொடக்க காலக் கணினிகளில் விண்டோஸ் ஒருபுறம், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மறுபுறம் என இரண்டும் இருந்தன. பாஸ் என்பது நம் நாட்டுப் பொறியாளர்கள், இந்திய மொழிகளில் இயங்குமாறு செய்த கட்டற்ற இயங்குதளம். நல்ல நோக்கம், நாம் பாராட்டுகிறோம். ஆனால் பிறகு நடந்தது ஊரறிந்த சங்கதி. எப்படிப் பயன்படுத்துவது என்று மாணவனுக்குச் சொல்லித் தர ஆளில்லை; எப்படிப் புதுப்பிப்பது என்று ஆசிரியருக்குச் சொல்லித் தர ஆளில்லை. கடைத்தெருவுக்குக் கொண்டுபோனான், யாரோ ஒருவர் திருட்டுப் பிரதி விண்டோஸை ஏற்றிக் கொடுத்தார், அத்துடன் நல்ல நோக்கம் அழிந்தது. தவறு மாணவனுடையதா? நாற்றைக் கொடுத்துவிட்டு நடவு சொல்லித் தராதவர்களுடையதா?

காலாவதி என்றொரு காலன்

“ஒருமுறை ஏற்றினால் போதாதா? பாடப்புத்தகம் ஒருமுறை அச்சடித்தால் ஆண்டுக்கணக்கில் படிக்கிறோமே” என்று கேட்போர் உண்டு. புத்தகம் தானே நிற்கும். மென்பொருள் தானே நிற்காது. அதன் கீழே உள்ள தரை நகர்ந்துகொண்டே இருக்கும்.

நாட்குறிப்பைப் புரட்டிப் பார்ப்போம். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு அதன் நிறுவனம் 2014 ஏப்ரல் 8-இல் ஆதரவை நிறுத்திற்று. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. நிறுத்தியபின் கணினி ஓடாது என்பதல்ல; ஓடும். ஆனால் ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க ஆள் வராது. விண்டோஸ் 10-க்குக் காசு கொடுத்தால் மேலும் மூன்றாண்டு காவல் தருகிறோம் என்றார்கள். கல்வி நிலையங்களுக்குக் கணினி ஒன்றுக்கு முதலாண்டு ஒரு டாலர், அடுத்து இரண்டு, அடுத்து நான்கு. சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கணினியிலும் ஏற்றிவைக்கும் கை ஒன்று வேண்டுமே! புதிய விண்டோஸ் 11-க்கு மாறலாமா என்றால், பெரும்பாலும் 2017-க்கு முற்பட்ட சில்லுகள் கொண்ட கணினிகளை அது ஏற்பதில்லை. நல்ல உடம்போடு இருக்கும் பெட்டி, தாள் கணக்கில் கிழடாகிவிடுகிறது.

பள்ளிகளுக்கு இன்னொரு பேரிழப்பு நேர்ந்தது. அதைப் பற்றிப் பேசியவர் சிலரே. இருபது ஆண்டுக் காலம் குழந்தைகளுக்கான கல்விக் குறுந்தகடுகளும் அசைபடப் பாடங்களும் ‘ஃபிளாஷ்’ என்ற தொழில்நுட்பத்தில் ஏராளமாக உருவாயின. இதயம் எப்படித் துடிக்கிறது, மழை எப்படிப் பொழிகிறது, பின்னத்தை எப்படிக் கூட்டுவது என்றெல்லாம் படம் நகர்ந்து காட்டும். அதன் நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கு ஆதரவை முடித்தது. 2021 ஜனவரி 12 முதல் அது ஓடாதபடியே பூட்டிவிட்டது. தட்டு அப்படியே இருக்கிறது, பாடம் இறந்துவிட்டது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய ‘ஃபெட்’ என்னும் அறிவியல் பாடத் திட்டத்தாரும் ஃபிளாஷிலும் ஜாவாவிலும் பல பாடங்களைச் செய்து வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் நாள் பார்த்துக் காத்திருக்கவில்லை. அவற்றைப் புதிய முறையில் மறுபடி எழுதினார்கள். அதனால் அவர்கள் பாடங்கள் பிழைத்தன. பொறுப்பாளர் இருந்த பாடம் பிழைத்தது. பொறுப்பாளர் இல்லாத பாடம் அழிந்தது. கதையின் சாரம் இவ்வளவே.

இதைவிட நுட்பமான கேடும் உண்டு. மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் எடுக்கும் மாணவன் ‘பைத்தான்’ என்னும் நிரல்மொழியைப் படிக்கிறான். அதன் இரண்டாம் பதிப்பு 2020 ஜனவரி 1-உடன் ஓய்வு பெற்றுவிட்டது. புத்தகத்தில் இருப்பது மூன்றாம் பதிப்பு. பழைய கணினியில் பழைய பதிப்பே இருந்தால் என்ன ஆகும்? ஏழை இரண்டால் வகு என்று மாணவன் கேட்கிறான். மூன்றாம் பதிப்பு 3.5 என்கிறது. இரண்டாம் பதிப்பு 3 என்கிறது! பையன் புத்தகத்தை நம்புவானா, பெட்டியை நம்புவானா? புதிய பதிப்பை ஏற்றிவிடலாம் என்றாலோ, 3.9 முதலான பதிப்புகள் விண்டோஸ் 7-இல் ஏறுவதே இல்லை. ஒன்றைப் புதுப்பிக்காவிட்டால் மற்றொன்றைப் புதுப்பிக்க முடியாது. ஆற்றில் அடைப்பு என்றால் வாய்க்காலைத் தூர்வாரிப் பயன் என்ன?

காவல் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 மே 12-இல் ‘வான்னாக்ரை’ என்னும் கணினிப் புழு சுமார் 150 நாடுகளில் புகுந்தது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்தப் புழு நுழைந்த ஓட்டைக்கு அடைப்பு அதே ஆண்டு மார்ச் 14-இலேயே வந்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் மருந்து கையில் இருந்தது. மருந்து உட்கொண்டவர் தப்பினர். அலமாரியில் வைத்தவர் அகப்பட்டனர்.

ஏன் புதுப்பிப்பதில்லை?

ஆசிரியர்களைக் குறை கூறிவிட்டு அகல நாம் ஆயத்தமாக இல்லை. வகுப்பு எடுப்பவர் அவர். தேர்வுத் தாள் திருத்துபவர் அவர். வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாகப் போகிறவரும் அவர். இருபது கணினியைப் புதுப்பிக்கும் வேலையையும் அவர் தலையில் இலவசமாக வைத்தால் அது எப்படி நடக்கும்?

கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஓர் அறையில் 20 கணினி. ஒவ்வொன்றுக்கும் 2 ஜிகாபைட் திருத்தம் வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 ஜிகாபைட். பள்ளிக்கு வரும் இணைய இணைப்பு நொடிக்கு 10 மெகாபிட் என்றால், மற்ற வேலை எல்லாம் நிறுத்திவைத்து இதை மட்டும் இறக்க ஏறத்தாழ 9 மணி நேரம் வேண்டும். பள்ளி நேரமே அவ்வளவு இல்லை! நடுவில் மின்சாரம் போனால் அரைகுறையாக நிற்கும். அரைகுறையாக நின்ற கணினி மறுநாள் எழுந்திருக்க மறுக்கும். இதை ஒருமுறை அனுபவித்த ஆசிரியர் அடுத்தமுறை ‘இப்போது வேண்டாம்’ என்ற பொத்தானைத்தான் அழுத்துவார். அதில் வியப்பென்ன?

இதே வேலையை வேறு விதமாகச் செய்யலாம். அந்த 2 ஜிகாபைட்டை ஒரேயொரு முறை வெளியிலிருந்து இறக்கிப் பள்ளியிலேயே ஒரு கணினியில் சேமித்து வைத்தால், அதற்கு ஆகும் நேரம் அரை மணிக்கும் குறைவு. அந்தச் சேமிப்பிலிருந்து மற்றக் கணினிகள் பள்ளிக்குள் உள்ள கம்பி வழியே எடுத்துக்கொண்டால், நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அனைத்துக்கும் ஒரு மணி நேரம் போதும். ஒன்பது மணி எங்கே, ஒன்றரை மணி எங்கே! காவிரிக் கரைக்காரனுக்கு இது புதிய தத்துவமா? கடைமடையில் குளம் வெட்டியவன் எதற்காக வெட்டினான்? வரும்போது தேக்கி, வேண்டும்போது பாய்ச்சத்தானே!

மற்றொரு தடை மறைவானது. கணினி அறைகளில் ‘உறையவைக்கும்’ மென்பொருள் ஒன்றைப் போட்டுவைப்பார்கள். மாணவர்கள் எதைக் கலைத்தாலும், அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் உறையை எடுக்கும் கடவுச்சொல் ஒப்பந்தக்காரரின் ஆளிடம் இருந்து, அவரும் வேலையை விட்டுப் போய்விட்டால்? ஆசிரியர் முயன்று புதுப்பித்ததும் மறுநாள் காலை மறைந்துவிடும். அரசுப் பணத்தில் வாங்கிய பெட்டிக்குச் சாவி அரசிடம் இல்லை என்றால், அந்தப் பெட்டி யாருடையது?

பக்கத்து வீட்டைப் பாருங்கள்

முடியாத காரியத்தையா கேட்கிறோம்? இல்லை. பக்கத்து மாநிலம் செய்து காட்டிய காரியம்.

கேரளத்தில் 2001-இல் பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம் தொடங்கிற்று. நாளடைவில் கட்டற்ற மென்பொருளுக்கே முழுமையாக மாறினார்கள். 2017-இல் அதைக் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக்கினார்கள். அவர்கள் செய்தது என்ன? கடைகளில் கிடைப்பதை அப்படியே வாங்கிப் போடவில்லை. உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்து, தங்கள் பாடத்திட்டத்துக்கு வேண்டிய மென்பொருள்களை அதிலேயே சேர்த்து, மலையாளத்தில் இயங்கும்படி செய்து, ஒரே தொகுப்பாக்கி, மாநிலம் முழுவதற்கும் கொடுத்தார்கள். புதிய பதிப்பு வந்தால் பள்ளிதோறும் அதே பதிப்பு; ஆசிரியர் பயிற்சியும் அதே பதிப்பில்; தேர்வும் அதே பதிப்பில். 2019-இல் வெளியிட்ட பதிப்பை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு என்று அறிவித்தார்கள். உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று மாணவர் மன்றங்களையும் தொடங்கி, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே கணினித் தொழில்நுட்பத்தைப் பழக்கினார்கள்.

பணம் மிச்சமானதை நாம் பெரிதாகச் சொல்லவில்லை. பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு அங்கே விலாசம் இருக்கிறது, அதைத்தான் பெரிதென்கிறோம். புதுவையின் நான்கு பகுதிகளில் ஒன்றான மாகே, கேரளத்தின் நடுவேதான் இருக்கிறது. அதன் பள்ளிகள் நெடுங்காலம் கேரளப் பாடத்தையே படித்தன. ஆகவே புதுவைக் கல்வித் துறைக்கு இது தொலைதூரச் செய்தியும் அன்று.

கடல் கடந்தும் பார்ப்போம். ஸ்பெயின் நாட்டில் எக்ஸ்திரமதூரா என்றொரு பகுதி. அந்நாட்டின் ஏழைப் பகுதிகளுள் ஒன்று. உழவும் மேய்ச்சலும் பிழைப்பு. அங்கேயுள்ள வட்டார அரசு 2002-இல் ‘லின்எக்ஸ்’ என்று தனக்கென ஓர் இயங்குதளத் தொகுப்பை உருவாக்கி, உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டு மாணவர்க்கு ஒரு கணினி என்று அமைத்தது. படம் வரையும் மென்பொருளுக்குத் தங்கள் மண்ணில் பிறந்த ஓவியர் சுர்பரானின் பெயரை வைத்தார்கள். ஏழைப் பகுதி என்பதால் பழையதே போதும் என்று அவர்கள் படுத்துவிடவில்லை. ஏழைப் பகுதி என்பதால்தான் சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்று எழுந்தார்கள்.

தமிழ் எங்கே?

மென்பொருளைப் புதுப்பிப்பதில் தமிழுக்கும் பங்குண்டு. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் எழுத்துருவில் தமிழை அடைத்து வைத்தது. ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் கட்டமும் கிறுக்கலுமாகத் தெரிந்தது. 1999-இல் தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தினார்கள். 2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் உருவான பாடத் தொகுப்புகள் பழைய எழுத்துருவோடு கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தருவதும் புதுப்பித்தலே. இல்லையேல் தமிழில் பாடம் செய்தவரின் உழைப்பு கட்டங்களுக்குள் அடைபட்டுப் போகும்.

காரைக்காலுக்குச் சுவையான ஒரு செய்தி. 2000-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர், இரண்டு வயது முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளுக்கு விளையாட்டாகவே எண்ணும் எழுத்தும் கற்பிக்கும் மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினார். பெயர் ‘ஜிகாம்ப்ரிஸ்’. பிரெஞ்சில் ‘ழே கொம்ப்ரி’ என்றால் ‘புரிந்துகொண்டேன்’ என்று பொருள். நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள், காசில்லை, விளம்பரம் இல்லை, தமிழிலும் இயங்கும்படி தொண்டர்கள் மொழிபெயர்த்திருக்கிறார்கள். 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி காரைக்காலை விட்டுப் போயிற்று. ஆட்சி போனால் என்ன, அறிவு வரட்டுமே! ‘புரிந்துகொண்டேன்’ என்ற பெயருடைய அந்த மென்பொருளைப் பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் மீனவர் வீட்டுப் பிள்ளை தமிழில் தட்டி விளையாடட்டுமே! ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் 2001-இல் பிறந்த ‘ஜியோஜீப்ரா’ கணிதத்துக்கு இருக்கிறது. 2002-இல் பிறந்த ‘டக்ஸ் பெயிண்ட்’ ஓவியத்துக்கு இருக்கிறது. விலையில்லாப் பொருள்கள் இவை. விலையில்லாததால் விற்பனைப் பிரதிநிதி வருவதில்லை. விற்பனைப் பிரதிநிதி வராததால் இலாகாவின் கண்ணில் படுவதில்லை!

மறுப்போர்க்கு மறுமொழி

“எல்லாம் இணையத்திலேயே இருக்கிறது, கைப்பேசியே போதும், கணினியில் மென்பொருள் ஏற்றுவது பழைய பாணி” என்று சிலர் கூறுவர். 2018 நவம்பர் 16-இல் கஜாப் புயல் நாகை, வேதாரணியம் கரையைக் கடந்ததை அவர்கள் மறந்திருக்கலாம், காரைக்கால் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை என்றால் இந்தக் கரையில் மரம் சாயும், கம்பி அறும், இணைப்பு நிற்கும். கணினிக்குள்ளேயே இருக்கும் பாடம் இணைப்பில்லாத நாளிலும் நடக்கும். மேலும், விரலால் தள்ளிப் பார்ப்பது வேறு, விசைப்பலகையில் எழுதி நிரல் ஓட்டுவது வேறு. பணக்கார வீட்டுப் பையனுக்கு வீட்டில் கணினி உண்டு. பட்டினச்சேரிப் பிள்ளைக்குப் பள்ளிக் கணினியே முதற் கணினி. சில வேளை அதுவே ஒரே கணினி. அதையும் கைப்பேசிக்குள் கரைத்துவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது என்ன?

“கட்டற்ற மென்பொருள் படித்தால் வேலை கிடைக்குமா?” என்பது அடுத்த கேள்வி. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தகவல் தொழில்நுட்பப் பாடமே லிப்ரே ஆபீஸைக் கொண்டுதான் எழுத்தையும் அட்டவணையையும் கற்பிக்கிறது. மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டுப் பள்ளிக் கணினிக் கொள்கையும் 2015-ஆம் ஆண்டுத் திறந்த மூலக் கொள்கையும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. திசை காட்டும் தாளுக்குக் குறைவில்லை. அத்திசையில் நடக்கும் காலுக்குத்தான் குறைவு.

“மாறிக்கொண்டே இருந்தால் குழப்பமாகாதா?” என்பதும் கேட்கத் தகுந்த கேள்விதான். மாறாமல் இருக்க முடியாது என்பதைக் காரைக்கால் கண்ணாரக் கண்டது. தமிழ்நாட்டுப் பாடத்தைப் படித்து வந்த புதுவை, காரைக்கால் அரசுப் பள்ளிகள் மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறின. பாடத்திட்டம் மாறியதும் பழைய பாடத்துக்கென்று ஏற்றிய தொகுப்பு பயனற்றதாகிறது. புத்தகம் மாற்ற வண்டி வரும். மென்பொருள் மாற்ற யார் வருவார்? பாடத்திட்டத்தை மாற்றும் ஆணை எழுதிய அன்றே, கணினியில் உள்ள பாடத்தை மாற்றும் ஆணையும் எழுதுவதல்லவா முறை?

காரைக்காலால் முடியும்

பெரிய மாநிலங்களுக்கு இது மலை. காரைக்காலுக்கு இது மடு. ஒரு நகராட்சி, ஐந்து கொம்யூன் பஞ்சாயத்து. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,00,222. காலையில் காரைக்காலில் புறப்பட்டால் திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் எல்லாம் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். புதுவைத் தலைமையகம் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இடையே தமிழ்நாட்டு மாவட்டங்கள். தலைநகரிலிருந்து வருவதற்காகக் காத்திருந்து கண் பூத்துப் போவதைவிட, தனக்குத்தானே ஒரு குளம் வெட்டிக்கொள்ளக் காரைக்காலுக்கு எல்லாத் தகுதியும் உண்டு. 2010-இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் இந்த மண்ணிலேயே, திருவேட்டக்குடியில் இருக்கிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிக் கணினி அறையைவிட நல்ல பயிற்சிக்கூடம் எது?

நாம் கேட்பவை ஆறு.

முதலாவது, பதிவேடு. எந்தப் பள்ளியில் எத்தனை கணினி, எந்த ஆண்டுப் பெட்டி, எந்த இயங்குதளம், கடைசியாகப் புதுப்பித்த தேதி எது என்று ஒரு பேரேடு. நோய் தெரியாமல் மருந்தில்லை.

இரண்டாவது, கிடங்கு. காரைக்காலிலேயே ஒரு சேமிப்புக் கணினி. அங்கிருந்து இணைப்பு நன்றாக உள்ள பள்ளிக்குக் கம்பி வழியே. இணைப்பு மோசமான பள்ளிக்கு வட்டில் ஏற்றி வண்டி வழியே. வழி எதுவாயினும், வந்த மென்பொருள் மூலத்தாரிடமிருந்து வந்ததுதானா என்று முத்திரை பார்த்தே ஏற்றவேண்டும். வழியில் எவரும் நஞ்சு கலக்காதிருக்க அதுவே காவல்.

மூன்றாவது, முறைவைப்பு. முறைப்பாசனம் தெரிந்த மண் இது. ஒரு பள்ளியில் முதலில் ஏற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது. கோளாறு இல்லையென்றால் கொம்யூன் கொம்யூனாக மற்றப் பள்ளிகளுக்கு. பெரிய மாற்றம் ஆண்டு விடுமுறையில். சிறு திருத்தம் மாதம் ஒரு சனிக்கிழமை. தேர்வு நடக்கும் மாதத்தில் கைவைக்கவே கூடாது.

நான்காவது, ஆள். கொம்யூன் ஒன்றுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர். பள்ளி ஒன்றுக்கு ஓர் ஆசிரியர். அந்த ஆசிரியர்க்கு வாரத்தில் இரண்டு பாடவேளை இந்த வேலைக்கென்றே ஒதுக்கி. நேரம் கொடாமல் பொறுப்பு மட்டும் கொடுப்பது சுமத்துவதாகும்.

ஐந்தாவது, ஒப்பந்தம். இனிக் கணினி வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் இரண்டு வரி வேண்டும். புதுப்பித்த கணக்கைக் காட்டினாலன்றி ஆண்டுத் தவணை இல்லை. கடவுச்சொல் முதல் நாளே தலைமையாசிரியரின் பெட்டகத்தில் இருக்கவேண்டும்.

ஆறாவது, பாடம். பாடத்திட்டத்துக்கு ஏற்ற மென்பொருள் தொகுப்பு ஒன்று, ஒருங்குறித் தமிழில், யாரும் திறந்து திருத்தக்கூடிய முறையில். உரிமக் கட்டணம் கேட்கும் பொருளை வாங்கவே கூடாது என்று கூறவில்லை. அதற்கு ஈடான கட்டற்ற பொருள் இல்லையென்று எழுத்தில் காட்டிவிட்டு வாங்குங்கள் என்கிறோம்.

இந்த ஆறுக்கும் ஆகும் செலவு அதிகமா? புதிதாக ஆயிரம் பெட்டி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இது கொசுறு. விழா எடுக்க முடியாது என்பது ஒன்றுதான் இதிலுள்ள குறை! புதுப்பித்த மென்பொருளுக்கு நாடா வெட்ட முடியாது. மாலை போட முடியாது. கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாது. சனிக்கிழமை மாலை வேலை முடித்து, விளக்கணைத்துப் பூட்டிப் போகும் ஆசிரியரை யாரும் படம் எடுக்கமாட்டார்கள். ஆனால் திங்கட்கிழமை காலை ஒரு சிறுமி கணினியைத் திறந்து, ஏழை இரண்டால் வகுத்து, புத்தகத்தில் உள்ள விடையே திரையிலும் வரக் காண்பாள். அதுதான் இந்த வேலைக்கு வெற்றிவிழா.

ஆளும் பொறுப்பில் இருப்போர் கேட்கட்டும். எதிர்வரிசையில் இருப்போரும் கேட்கட்டும். பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் அடுத்த கூட்டத்திலேயே கேட்கட்டும்: எங்கள் பள்ளிக் கணினி கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதி எது? இந்த ஒரு கேள்விக்கு நேரான பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். அணை திறந்த செய்தி வேண்டாம். வரப்பு நனைந்த செய்தி வேண்டும்!